நெட் இல்லாத வகுப்பறைக்கு இணையப் பக்கத்தை எடுத்துச் செல்வது

மலையடிவாரத்துப் பள்ளி ஒன்றில், பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு உதவித்தொகை விண்ணப்பத்தை இணையத்தில் எப்படி நிரப்புவது என்று காட்டுவதற்காக 2019ஆம் ஆண்டு ஒரு சனிக்கிழமை போயிருந்தேன். அங்கே நெட் கிடைக்காது என்பது முன்பே தெரியும். ஆகவே தேவையான ஏழு பக்கங்களையும் முதல் நாள் இரவே வீட்டுக் கணினியில் சேமித்து, எனக்கு நானே மின்னஞ்சலில் அனுப்பி, அவற்றை மடிக்கணினியில் இறக்கி வைத்துக்கொண்டு கிளம்பினேன். ப்ரொஜெக்டரில் முதல் பக்கத்தைத் திறந்தபோது, வெள்ளைத் திரையின் இடது ஓரத்தில் நீல நிற இணைப்புகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நின்றன. படங்கள் இல்லை, நிறங்கள் இல்லை, நிரப்பவேண்டிய கட்டங்கள் பக்கமெங்கும் சிதறிக் கிடந்தன. மீதி ஆறு பக்கங்களும் அப்படியே இருந்தன. கரும்பலகையில் கட்டங்களை வரைந்து காட்டி வகுப்பை முடித்தேன் என்றாலும், முதன்முதலாக ஓர் இணைய விண்ணப்பத்தைப் பார்க்கவிருந்த பிள்ளைகளுக்கு அதன் உண்மையான தோற்றத்தைக் காட்ட முடியாமல் போனது எனக்குப் பெரிய வருத்தமாக இருந்தது. இணையப் பக்கங்களைச் சேமிப்பதைப் பற்றி நான் முறையாகக் கற்றுக்கொள்ளத் தொடங்கியது அந்த வாரத்தில்தான். அன்று முதல் இன்று வரை கற்றதை, இதே வேலையைச் செய்யும் ஆசிரியர்களுக்கும் நூலகத் தன்னார்வலர்களுக்கும் பயன்படும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

அன்று நடந்த தவறு மிக எளிமையானது. கண்ட்ரோல் விசையோடு எஸ் விசையை அழுத்தி, ‘முழுமையான இணையப் பக்கம்’ என்ற வகையில் சேமித்தால், உலாவி இரண்டு பொருள்களை உருவாக்குகிறது. ஒன்று, பக்கத்தின் எழுத்தும் கட்டமைப்பும் உள்ள எச்டிஎம்எல் கோப்பு. மற்றொன்று, அதே பெயரோடு ஓர் ஒட்டுச் சேர்ந்த ஃபோல்டர். படங்கள், பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் ஸ்டைல் ஷீட்டுகள், ஜாவாஸ்கிரிப்ட் நிரல்கள் எல்லாம் அந்த ஃபோல்டருக்குள் போய்விடுகின்றன. விண்டோஸில் அந்தக் கோப்பை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்தினால் ஃபோல்டரும் கூடவே நகரும்படி அமைத்திருப்பதால், இரண்டும் ஒரே பொருள் என்ற எண்ணம் நமக்கு வந்துவிடுகிறது. மின்னஞ்சலுக்கு அந்த உறவு தெரியாது. நான் இணைத்து அனுப்பியவை ஏழு எச்டிஎம்எல் கோப்புகள் மட்டுமே. ஏழு ஃபோல்டர்களும் வீட்டுக் கணினியிலேயே தங்கிவிட்டன.

இந்தத் தொல்லையைத் தவிர்க்க, எல்லாவற்றையும் ஒரே கோப்புக்குள் வைக்கும் வழிகள் நெடுங்காலமாகவே இருக்கின்றன. மின்னஞ்சலில் கடிதத்தையும் இணைப்புகளையும் ஒன்றாகக் கட்டி அனுப்பும் அதே முறையைப் பின்பற்றி, பக்கத்தையும் அதன் படங்களையும் ஒரே கோப்பாக அடுக்கும் எம்எச்டிஎம்எல் என்ற வடிவம் 1999இல் இணையத் தரமாக வெளியிடப்பட்டது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 அதே ஆண்டில் அதைப் பயனர்களுக்குக் கொடுத்தது. இன்றைய குரோமிலும் எட்ஜிலும் சேமிக்கும் பெட்டியில் ‘ஒற்றைக் கோப்பு’ என்று வருவது இதுவே. ஆனால் ஃபயர்ஃபாக்ஸ் இதைத் தானாகத் திறப்பதில்லை. ஃபயர்ஃபாக்ஸில் இதற்கென்று இருந்த நீட்சிகளும் (உலாவியோடு கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் சிறு நிரல்கள்), மாஃப் என்ற தனி வடிவத்தைக் கொண்டுவந்த நீட்சியும், 2017 நவம்பரில் 57ஆம் பதிப்பு வந்தபோது இயங்காமல் போயின. மாஃப் வடிவத்தில் நூற்றுக்கணக்கான கட்டுரைகளைச் சேமித்து வைத்திருந்த நண்பர் ஒருவர் எல்லாம் போய்விட்டது என்று கலங்கியிருந்தார். உண்மையில் அந்தக் கோப்பு ஒரு ஜிப் பொதிதான். கோப்புப் பெயரின் கடைசியில், புள்ளிக்குப் பின் வரும் பகுதியை ஜிப் என்று மாற்றினால் உள்ளே இருப்பவற்றை எடுத்துவிடலாம். அவருடைய கட்டுரைகளை ஒரு மாலைப்பொழுதில் மீட்டோம்.

நான் இப்போது பெரும்பாலும் பயன்படுத்துவது சிங்கிள்ஃபைல் என்ற கட்டற்ற நீட்சி. குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டிலும் அது கிடைக்கிறது. படங்களையும் எழுத்துருக்களையும் எழுத்து வரிசையாக மாற்றி எச்டிஎம்எல் கோப்புக்குள்ளேயே பொதித்துவிடுவதால், கிடைக்கும் கோப்பு எந்த உலாவியிலும் திறக்கும். பத்து ஆண்டுகள் கழித்து அந்த நீட்சி இல்லாமல் போனாலும் திறக்கும். படத்தின் மூன்று பைட்டுகள் நான்கு எழுத்துகளாக மாறுவதால் அந்தப் பகுதியின் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. பென் டிரைவ்கள் விலை குறைந்துவிட்ட இக்காலத்தில் அந்தக் கூடுதலை நான் பொருட்படுத்துவதில்லை.

எந்தக் கருவியைப் பயன்படுத்தினாலும், சேமிக்கும் முன் பக்கத்தை அடிவரை மெதுவாக உருட்டிப் பார்ப்பது கட்டாயம். இன்றைய பக்கங்களில் பல, வாசகரின் பார்வை எட்டும் தூரத்துக்கு வரும்வரை படங்களைச் சர்வரிலிருந்து கேட்பதேயில்லை. செல்பேசியின் டேட்டாவை மிச்சப்படுத்தும் நல்ல ஏற்பாடு அது. ஆனால் உருட்டாமல் சேமித்தவருக்குப் பக்கத்தின் கீழ்ப்பாதியில் சாம்பல் நிறக் கட்டங்கள்தான் மிஞ்சும். ‘மேலும் வாசிக்க’ என்று சுருக்கி வைத்திருக்கும் பகுதிகளையும் முதலில் விரித்துவிட வேண்டும். குக்கீ அனுமதி கேட்கும் பட்டையை மூடிவிட்டுச் சேமிப்பதும் நல்லது. இல்லையென்றால் அது காட்சியின் நடுவில் நின்றுகொண்டே இருக்கும்.

தமிழ்ப் பக்கங்களுக்கு இவற்றுக்கு மேலும் சில சிக்கல்கள் உண்டு. ஒரு பக்கம் எந்தக் குறியாக்கத்தில், அதாவது எழுத்துகளைக் கணினியில் எண்களாகப் பதியும் எந்த முறையில், எழுதப்பட்டது என்ற தகவலைச் சில தளங்கள் பக்கத்துக்குள் எழுதாமல், சர்வர் அனுப்பும் தலைப்புத் தகவலில் மட்டும் சொல்கின்றன. ‘எச்டிஎம்எல் மட்டும்’ என்று சேமித்தாலோ கட்டளைவழிக் கருவிகளால் இறக்கினாலோ, அந்தத் தலைப்புத் தகவல் கோப்போடு வருவதில்லை. பயிற்சிக்கூடங்களில் இருக்கும் பழைய உலாவியில் அந்தக் கோப்பைத் திறந்தால், தமிழுக்குப் பதிலாக, மேலே சாய்ந்த கோடு போட்ட ஆங்கில ஏ எழுத்தும், வட்டத்துக்குள் ஆர் எழுத்து இருக்கும் வணிக முத்திரைக் குறியும் மாறி மாறி வரும். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகளாகப் பதிவாகிறது. நம் எழுத்துகளில் பெரும்பாலானவற்றுக்கு முதல் இரண்டு பைட்டுகளும் ஒன்றே. அந்த இரண்டையும் மேலை ஐரோப்பிய எழுத்தாக வாசித்தால் கிடைப்பவைதான் அந்த இரு குறிகள். ஆகவே அந்தக் கோலத்தைத் திரையில் கண்டால் கோப்பு கெட்டுவிட்டது என்று கருதி அழித்துவிட வேண்டாம். நோட்பேடில் கோப்பைத் திறந்து, தலைப்பகுதியில் குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று அறிவிக்கும் ஒரே ஒரு வரியைச் சேர்த்தால் தமிழ் மீண்டும் வந்துவிடும்.

இப்படி எளிதில் மீட்க முடியாத கோப்புகளும் என்னிடம் இருக்கின்றன. 2002, 2003ஆம் ஆண்டுகளில் பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் காசு கொடுத்து உட்கார்ந்து, எனக்குப் பிடித்த தமிழ் இணைய இதழ்களின் பக்கங்களைச் சேமித்துக் குறுந்தகட்டில் பதிந்து வைத்திருந்தேன். அக்காலத்துத் தமிழ்த் தளங்கள் பல, ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த தங்கள் சொந்த எழுத்துருக்களையே நம்பியிருந்தன. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் என்ற இரு குறியாக்கங்களைத் தரமாக்கியது. இணையத் தமிழர்கள் கூடி உருவாக்கிய திஸ்கி இன்னொரு பக்கம் பரவியிருந்தது. ஆனாலும் ஒவ்வொரு இதழும் தன் வழியிலேயே நடந்தது. பக்கத்தோடு எழுத்துருவும் தானாக இறங்கும் ஒரு வசதி இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டும் இயங்கியது. நான் பக்கத்தைச் சேமித்தபோது அந்த எழுத்துரு கூட வரவில்லை என்பதும், வந்திருந்தாலும் இன்றைய உலாவிகள் அதை ஏற்காது என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. இருபது ஆண்டுகள் கழித்துத் திறந்து பார்த்தபோது, சிறுகதைகளும் கட்டுரைகளும் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகக் கிடந்தன. திஸ்கியில் இருந்தவற்றை மாற்றிகளின் உதவியோடு யூனிகோடுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அதில் எழுத்துகளை ஒன்றுக்கொன்று மாற்றி வைப்பதோடு வேலை முடிவதில்லை. திஸ்கியில் ஒற்றைக் கொம்பு கண்ணில் தெரியும் வரிசைப்படி மெய்யெழுத்துக்கு முன்னால் பதிவாகியிருக்கும், யூனிகோடிலோ அது பின்னால் வரவேண்டும். நல்ல மாற்றி இந்த இடமாற்றத்தைத் தானே செய்துவிடுகிறது. தனி எழுத்துருக்களில் இருந்த பக்கங்கள்தான் இன்னும் மீதம்.

கோப்பின் பெயரும் தொல்லை தரும். உலாவி பக்கத்தின் தலைப்பையே கோப்பின் பெயராக முன்வைக்கிறது. செய்தித் தளங்களின் தலைப்புகள் நீளமானவை. லினக்ஸில் ஒரு கோப்புப் பெயர் பொதுவாக 255 பைட்டுகளைத் தாண்டக் கூடாது. ‘கு’ என்ற ஓர் எழுத்துக்கே ககரத்துக்கு மூன்றும் உகரக் குறிக்கு மூன்றுமாக ஆறு பைட்டுகள் வேண்டும். கோப்பின் பெயர் முகவரியிலிருந்து வந்து, அதில் உள்ள தமிழ் ‘%E0’ போன்ற விழுக்காட்டுக் குறிகளாக விரிந்துவிட்டாலோ, ஒவ்வொரு குறியீடும் ஒன்பது எழுத்து நீளமாகிறது. விண்டோஸில் முழுப் பாதைக்கும் சேர்த்து 260 எழுத்து என்ற பழைய வரம்பு பல நிரல்களில் இன்னும் நிற்கிறது. நான் இப்போது ‘01-முகப்பு’, ‘02-பதிவு’ என்று சிறு பெயர்களை வைக்கிறேன். காட்டும்போது வரிசை தவறாமல் இருக்கவும் அது உதவுகிறது.

இனி, சேமித்த பக்கத்தை வைத்துச் செய்து காட்டுவதற்கு வருகிறேன். பலருக்கு முன்னால் விண்ணப்பம் நிரப்பிக் காட்டுவதற்கு, நெட் இருந்தாலும்கூடச் சேமித்த பிரதியையே பயன்படுத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நேரடித் தளத்தில் காட்டினால், நடுவில் ஓடிபி வரும், அமர்வு காலாவதியாகும், கூட்டம் அதிகமான நேரத்தில் தளம் தயங்கி நிற்கும். எல்லாவற்றையும்விட, கை தவறி ஒரு பொய் விண்ணப்பம் உண்மையாகவே பதிவாகிவிடும். ஆனால் சேமித்த பிரதியிலும் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. ‘சமர்ப்பி’ என்ற பொத்தானை அழுத்தினால் விவரங்கள் போய்ச் சேரவேண்டிய முகவரி, கோப்புக்குள் முழு முகவரியாகவே பதிவாகியிருக்கலாம். அப்படி இருந்து, அந்தக் கணினியில் நெட்டும் இருந்தால், சேமித்த பக்கத்திலிருந்து அழுத்தினாலும் விவரங்கள் உண்மையான சர்வருக்கே போகும். ஆகவே வகுப்பு தொடங்கும் முன் வைஃபையை அணைத்துவிடுகிறேன். கோப்பை நோட்பேடில் திறந்து அந்த முகவரியையும் நீக்கிவிடுகிறேன்.

அதைவிடக் கவனமாக இருக்கவேண்டிய இடம், உள்நுழைந்த பிறகு வரும் பக்கங்கள். அவற்றைச் சேமிக்கும்போது பெயர், கைப்பேசி எண், சில வேளைகளில் ஆதார் எண்ணின் கடைசி இலக்கங்கள் என்று யாருடைய கணக்கில் நுழைந்தோமோ அவருடைய விவரங்கள் அனைத்தும் கோப்புக்குள் வந்துவிடுகின்றன. கட்டங்களில் தட்டச்சு செய்தவற்றையும் சேர்த்துச் சேமிக்கும் உலாவிகள் இருக்கின்றன. திரையில் தெரியாத மறைகட்டங்களிலும் எண்கள் இருக்கும். ஒரு மாணவியின் கணக்கை வைத்துச் சேமித்த பக்கத்தைப் பயிற்சிக்கான மாதிரி என்று வாட்சப் குழுவில் பரப்பியதை ஒருமுறை நேரில் கண்டிருக்கிறேன். அனுப்பியவருக்குத் தீய நோக்கம் எதுவும் இல்லை, ஆனால் அந்தப் பிள்ளையின் வங்கிக் கணக்கு எண் இருநூறு பேரின் கைப்பேசிகளுக்குப் போய்விட்டது. மாதிரிப் பக்கத்தை யாருக்கும் கொடுப்பதற்கு முன், கோப்பை நோட்பேடில் திறந்து, கைப்பேசி எண்ணின் முதல் நான்கு இலக்கங்களையும் பெயரையும் தேடிப் பார்த்து, அவை வரும் இடங்களில் எல்லாம் கற்பனை விவரங்களை இட்டு மாற்றிவிட வேண்டும். நான் மூன்று முறை தேடுவேன்.

சேமித்த பக்கம் என்பது அந்த நொடியின் நிழற்படம் போன்றது என்பதையும் மறக்கக் கூடாது. எம்எச்டிஎம்எல் கோப்பைக் குரோம் திறக்கும்போது உள்ளே இருக்கும் ஜாவாஸ்கிரிப்ட் இயங்குவதில்லை. சிங்கிள்ஃபைலும் இயல்பான அமைப்பில் நிரல்களை நீக்கிவிட்டே சேமிக்கிறது. மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தவுடன் வட்டங்களின் பட்டியல் மாறுவது போன்ற செயல்கள் அதனால் நடக்கா. மாவட்டம் தேர்ந்தெடுக்காத நிலையில் ஒன்று, தேர்ந்தெடுத்த பின் ஒன்று, பிழைச்செய்தி வந்த நிலையில் ஒன்று என்று ஒரே பக்கத்தைப் பல நிலைகளில் தனித்தனியாகச் சேமித்து வரிசையாகக் காட்டுவது என் வழக்கம். பிழைச்செய்தி வரும் பக்கத்தைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ள வேண்டும். வீட்டில் தனியாக அமர்ந்து நிரப்பும் பிள்ளை பயந்துபோய் நிறுத்திவிடுவது அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்துத்தான். அதை வகுப்பிலேயே ஒருமுறை பார்த்துப் பழகியிருந்தால் பயம் இராது.

நாமே உருவாக்கிய வலைப்பக்கத்தை நெட் இல்லாமல் காட்டவேண்டியிருந்தால் நிலைமை வேறு. கோப்பை இருமுறை சொடுக்கித் திறந்தால், பாதுகாப்புக் காரணங்களுக்காக, அந்தப் பக்கம் தன் அருகிலேயே இருக்கும் மற்றக் கோப்புகளிலிருந்து தரவை வாசிப்பதை உலாவி தடுத்துவிடுகிறது. பைதான் நிரல்மொழியை நிறுவியிருக்கும் கணினியில், அதோடு வரும் சிறு சர்வரை ஒரே வரிக் கட்டளையில் ஓடவிட்டு, அதே கணினியைக் குறிக்கும் லோக்கல்ஹோஸ்ட் முகவரியில் 8000ஆம் எண் வழியாகத் திறந்தால் தடை நீங்கிவிடும். கல்லூரி மாணவர்கள் தங்கள் செயல்திட்டத்தைக் காட்டும் நாளில் இந்த ஒன்று தெரியாமல் தவிப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

முழுத் தளத்தையே எடுத்துவைக்க எச்டிடிராக், டபிள்யூகெட் ஆகிய கருவிகள் 1990களிலிருந்தே இருக்கின்றன. எவ்வளவு ஆழம் வரை செல்ல வேண்டும், எந்தப் பகுதியைத் தாண்டக் கூடாது என்று வரம்பு கட்டாமல் அவற்றை ஓடவிடக் கூடாது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் இடையே சில வினாடிகள் காத்திருக்கும்படியும் அமைக்க வேண்டும். தனி ஒருவர் தன் சொந்தக் காசில் நடத்தும் தமிழ்த் தளத்தின் சர்வரை நம் அவசரத்துக்காகத் திணறவைப்பது நியாயமாகாது. விக்கிப்பீடியாவுக்கு இந்தக் கருவிகள் தேவையே இல்லை. 2007இல் தொடங்கப்பட்ட கிவிக்ஸ் என்ற கட்டற்ற மென்பொருள், தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் ஒரே கோப்பாகத் தருகிறது. படங்களோடும் படங்கள் இல்லாமலும் தனித்தனியே இறக்கிக்கொள்ளலாம். தேடல் வசதியும் நெட் இல்லாமலேயே இயங்கும். ஒரு மடிக்கணினியில் அதை வைத்து, அறைக்குள் இருக்கும் வைஃபை வழியாக மற்றக் கணினிகளுக்கும் பரிமாறலாம். நெட் எட்டாத பள்ளிக்கு ஒரே ஒரு கோப்பை மட்டும் எடுத்துப்போக முடியும் என்றால் நான் இதைத்தான் எடுத்துப்போவேன்.

சேமித்த ஒவ்வொரு பக்கத்திலும் அதன் முகவரியும் சேமித்த நாளும் இருக்க வேண்டும். சிங்கிள்ஃபைல் இவ்விரண்டையும் கோப்பின் தலையில் தானே எழுதிவிடுகிறது. நான் அதோடு நிற்காமல், காட்டும் பக்கத்தின் மேலே ‘இது இன்ன நாளில் எடுத்த பிரதி, இன்றைய தளம் மாறியிருக்கலாம்’ என்று பெரிய எழுத்தில் ஒரு வரி சேர்த்துவிடுகிறேன். போன ஆண்டின் கடைசித் தேதியை இந்த ஆண்டின் தேதி என்று நினைத்து ஒரு குடும்பம் ஏமாந்துவிடக் கூடாது அல்லவா? பதிப்புரிமையைப் பொறுத்தவரை, 1957ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தனிப்பட்ட பயன்பாட்டுக்கும் ஆராய்ச்சிக்கும் வகுப்பறைக் கற்பித்தலுக்கும் இடம் தருகிறது. சேமித்ததை மீண்டும் இணையத்தில் ஏற்றுவது அதற்குள் அடங்காது.

இணையப் பக்கங்களைப் பிரதியெடுத்து வைக்கும் இணைய ஆவணக் காப்பகம் (இன்டர்நெட் ஆர்க்கைவ்) இருக்கும்போது நாம் ஏன் தனியாகச் சேமிக்க வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். 1996இல் தொடங்கிய அந்தக் காப்பகத்தை நான் மிகவும் மதிக்கிறேன். முக்கியமான முகவரி எதையும் அதில் பதியாமல் விடுவதில்லை. ஆனால் 2024 அக்டோபரில் நடந்த தாக்குதலால் அது பல நாட்கள் முடங்கிக் கிடந்தது. அந்த நாட்களில் என் பென் டிரைவில் இருந்த பக்கங்கள் மட்டுமே எனக்குக் கிடைத்தன. 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 விழுக்காடு பத்து ஆண்டுகளில் எட்டாமல் போய்விட்டன என்று அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. நம்முடைய பழைய இணைய இதழ்களைத் தேடிப் பார்த்தவர்களுக்கு அந்த எண் வியப்பைத் தராது.

அந்த மலையடிவாரத்துப் பள்ளிக்குச் சென்ற ஜனவரியில் மீண்டும் போனேன். கிளம்புவதற்கு முதல் நாள் மாலை, காட்டப்போகும் அதே மடிக்கணினியில் வைஃபையை அணைத்து, உலாவியின் தற்காலிக நினைவகத்தை அழித்து, பென் டிரைவிலிருந்து பதினொரு பக்கங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து அடிவரை உருட்டிப் பார்த்தேன். தற்காலிக நினைவகத்தை அழிக்காமல் சோதித்தால், முன்பு பார்த்தபோது தங்கிய படங்கள் வந்து நின்று, எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றிவிடும். ஒரு பக்கத்தில் முத்திரைப் படம் வரவில்லை; அதை மீண்டும் சேமித்தேன். மறுநாள் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து, கற்பனைப் பெயரும் கற்பனை எண்ணும் இட்டு, சிவப்புப் பிழைச்செய்தியையும் பார்த்துவிட்டுப் போனார்கள்.

குறுந்தகட்டில் தனி எழுத்துருவில் இருக்கும் ஒன்பது பக்கங்கள் இன்னும் வாசிக்க முடியாத நிலையிலேயே இருக்கின்றன. அவற்றில் நான்கு கவிதைகள் என்பது வரிகளின் நீளத்தைப் பார்த்தாலே தெரிகிறது. 2005க்கு முன் தமிழ்த் தளங்கள் கொடுத்த எழுத்துருக் கோப்புகளைப் பழைய கணினியிலோ குறுந்தகட்டிலோ வைத்திருப்பவர்கள், அவற்றை அழித்துவிடாமல் ஒரு பிரதி எடுத்து வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.